ஊட்டிக்குப் பிறகும் சார்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் சிமென்ட் லாரி ஒன்று ரோட்டின் குறுக்கே நின்றுவிட, டிரைவர் பஸ் இன்ஜினை அணைத்தார். அந்த அமைதியில் என் பின் சீட்டிலிருந்து ஓர் ஆண் குரல் தெளிவாகக் கேட்டது.

“முத்தம் குடுத்தப்புறமும் சார்ங்கிறீங்களே, டீச்சர்.”

“மெதுவா சார். முன்னாடி ஆளு இருக்காரு.”

“அவரு தூங்குறாரு.”

நான் கண்களை இன்னும் இறுக மூடிக்கொண்டேன்.

“பாப்பாவோட அப்பா தவறுனதிலேருந்து நீங்கதான் எனக்கு ஃப்ரெண்டு. ஒரே ஸ்டாஃப் ரூம்ல இத்தன வருஷமா சார்னு கூப்புட்ட வாயி. லீவுக்கு ஊட்டி போயிட்டு வந்தா மாறிருமா?”

“ஊட்டியில மாறுச்சே?”

“அங்க குளிரு.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாப்பாகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். கல்யாணம் பண்ணிக்கம்மான்னுட்டா. ஆனா உங்க கிளாஸ்லதான படிக்கிறா? அப்பான்னு வாய் வராதாம். வூட்லயும் சார்னுதான் கூப்புடுவாளாம்.”

லாரி நகர்ந்தது, பஸ் கிளம்பியது. இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று அவர் உரக்கவே சொன்னார்:

“அப்ப நீங்களும் சார்னே கூப்புடுங்க, டீச்சர். புள்ள மட்டும் தனியா அப்புடிக் கூப்புட வேணாம்.”