பன்னெண்டு ஜாக்கெட்டும் செவப்புக் கிளியும்

செவப்புக் கிளி இல்லையாண்ணாச்சி ஒலகத்துல? நீங்களே சொல்லுங்க. எங்கயாச்சும் ஒரு காட்டுல, ஒரு மரத்துல, ஒரே ஒரு செவப்புக் கிளி இல்லாமயா போயிரும்? அந்தப் பொம்பள என்ன பேச்சு பேசிட்டாங்கிய! திலக் நகர் சொர்ணம்மா. மக கல்யாணத்துக்குப் பன்னெண்டு ஜாக்கெட்டு, கையில கிளி, கிளி வாயில கோவப்பழம். நேத்து எங்க சந்து முனையில நின்னுக்கிட்டு ஒண்ணொண்ணா விரிச்சுக் காட்டி, "ஏ கணேசபாண்டியா, இதுல கிளி கோவப்பழத்தத் திங்குதா, கோவப்பழம் கிளியத் திங்குதா?"ன்னு கேக்கா. கிளி செவப்பாம். பழம் பச்சையாம். "பழுக்காத காய்னு நெனச்சுக்கிடுங்கம்மா"ன்னேன். அதுக்கு ஒரு பார்வ பாத்தா பாருங்க... அய்யோ!

அண்ணாச்சி, காலப் பாத்து, அந்தப் பைய மிதிச்சிராதிய. சேல இருக்கு. வீட்டுக்காரிக்கு. கிளிப்பச்ச. இன்னைக்குக் காலைல நானே கடைக்குப் போயி, நானே பாத்து எடுத்தேன். யாரையும் கேக்கல.

நீங்க எங்க எறங்கணும்? காட்கோபரா? நல்லது. நான் விக்ரோலி. சயான்ல ஏறும்போது நீங்க போன்ல "வந்துக்கிட்டே இருக்கேன்ளா"ன்னு சொன்னிய பாருங்க, அதக் கேட்டுட்டுத்தான் நம்ம ஆளுன்னு பக்கத்துல வந்து உக்காந்தேன். தாராவிப் பக்கம் வருவியளா? வந்ததே இல்லையா? ஒரு தடவகூடவா? ரொம்ப நல்லது... சும்மாதான் கேட்டேன்.

நமக்குத் தொழிலு மெஷின் எம்ப்ராய்டரி. கம்ப்யூட்டர் மெஷினு. ஒம்பது ஊசி, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நூல் கோனு. பென் டிரைவுல டிசைன ஏத்திவிட்டாப் போதும், அதுபாட்டுக்குத் தச்சுத் தள்ளிரும். ஆனா அந்த மூதிக்குக் கலர் தெரியாது அண்ணாச்சி. மொத ஊசியில தையி, அப்புறம் மூணாம் ஊசியில தையி... அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும். மூணாம் ஊசியில பச்ச மாட்டிருக்கா, பஞ்சுமிட்டாய் கலர் மாட்டிருக்கான்னு அதுக்கென்ன கவல? மாட்டுன ஆளுக்குல்லா தெரியணும்.

நூலு எடுக்குறது லேசுப்பட்ட சோலி இல்ல பாத்துக்கிடுங்க. கோனுல சுத்தி இருக்கும்போது கருகருன்னு தெரியும். அதையே ஒத்த இழையா உருவித் துணி மேல போட்டுப் பாருங்க, வெளுத்துப் போயிருக்கும். அதனால நெனச்ச கலருக்கு ஒரு படி தூக்கலா எடுக்கணும். ட்யூப்லைட்டுக்குக் கீழ நின்னு எடுத்தியளோ, போச்சு! எங்க சந்துல பட்டப்பகல்லயே லைட்டு போட்டாத்தான் கைய காலப் பாக்க முடியும். துணியையும் நூலையும் தூக்கிக்கிட்டு மெயின் ரோட்டுக்கு வந்து வெயில்ல நின்னு பாக்கணும். டெம்போக்காரன் ஹாரன் அடிப்பான். அடிச்சிட்டுப் போறான், நமக்கென்ன? அப்புறம் அந்தப் பளபளன்னு வர்ற சாட்டின் தையல் இருக்குல்லா... ஒரே நூலுதான். நெடுக்க ஓட்டுனா ஒரு மினுக்கு, குறுக்க ஓட்டுனா வேற மினுக்கு. றெக்கைய ஒரு பக்கம் சாச்சு, வயித்த இன்னொரு பக்கம் சாச்சு ஓட்டுனா ஒத்த நூல்லயே ரெண்டு பச்ச கெடைக்கும். ஓரத்துக்குக் கறுப்பு போட்டா கிளி செத்துப்போன மாதிரி ஆயிரும், பாசிப்பச்சதான் போடணும். இதெல்லாம் எங்க வீட்டுக்காரி மாரீஸ்வரி சொன்னது... சொன்னதுன்னா, நாங்க ரெண்டு பேருமா பேசிக்கிடுதது.

கலர் மாஸ்டர்னா தாராவியில யாரக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க அண்ணாச்சி. செம்பூர்லேருந்து கார்ல வருவாங்க. துணியக் குடுத்தா நான் என்ன செய்வேன் தெரியுமா? கண்ண மூடிக்கிடுவேன். ஆமா! மூடிக்கிட்டு, துணியத் தடவி, ஒரு நிமிசம் சும்மா நிப்பேன். அப்புறம் அலமாரிக்குப் போயி கோன் மேல ஒவ்வொண்ணா கைய வைப்பேன். திடீர்னு ஒண்ண உருவி, "இதான்!"ன்னு குடுப்பேன். பக்கா பொருத்தம். பாக்குறவங்களுக்கு உடம்பு புல்லரிச்சுப் போயிரும். செவ்வாக்கெழம மட்டும் கலர் பாக்க மாட்டேன். ஏன்னா? அது... செவ்வாக்கெழம மாரி ரேசன் கடைக்கும் அவ தங்கச்சி வீட்டுக்கும் போயிருவா. விரதம்னு சொல்லி வச்சிருக்கேன்.

எங்க தையல்காரங்க சங்கத்துல போன ஞாயித்துக்கெழம பொன்னாட போத்துனாங்க. "வண்ணச் செம்மல்"னு பட்டம் வேற. மைக்கக் கையில குடுத்து, மாஸ்டர், இந்தத் தெறம எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க. மைக்குன்னா நம்ம வாயி சும்மா கெடக்குமா? "பொறவியிலேயே வந்தது"ன்னுட்டேன். சாமிக்கு நன்றி சொன்னேன், மெஷினுக்கு நன்றி சொன்னேன், துணிக்கு அடியில வைக்குற பேப்பர் விக்குற சேட்டுக்குக்கூட நன்றி சொன்னேன். "வீட்டுல ஒத்தாச உண்டா?"ன்னு ஒருத்தன் கேட்டான். "அவ நூலு மாட்டுவா, அம்புட்டுத்தான்"னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்த மாரி சிரிக்கல.

வீட்டுக்கு வந்து ஒரு சண்ட போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. காலைல எந்திரிச்சு, சொர்ணம்மா ஜாக்கெட்டுக்கு ஒம்பது ஊசிக்கும் நூலு மாட்டுனா. பைய எடுத்தா. "இனி நீங்களே பாத்துக்கிடுங்க, செம்மலே"ன்னுட்டு விக்ரோலிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்புறம்தான் அண்ணாச்சி கிளி செவப்பாச்சு. போற போக்குல கோன எடம் மாத்தி வச்சிட்டுப் போயிட்டா, வேற என்ன? பழி வாங்கிட்டா. பதினெட்டு வருசம் என் கையால சோறு... சரி, அவ கையாலதான் நான் சோறு தின்னேன். அதுக்காக இப்படியா?

என்ன கேக்கிய? தப்பா மாட்டிருந்தா மெஷினப் போடும்போதே தெரிஞ்சிருக்குமேங்கியளா? கரெக்ட்டுதான். மொத ஜாக்கெட்டுலயே தெரிஞ்சிருக்குமேங்கியளா? அதும் கரெக்ட்டுதான்...

குர்லா வந்துட்டு. அடுத்தது வித்யாவிகார், அப்புறம் உங்க காட்கோபர். நேரம் இல்ல. கொஞ்சம் இப்படிச் சாஞ்சு கேளுங்க. இது எங்க எதுத்த வீட்டு முப்பிடாதியக்கா காதுல மட்டும் விழுந்துச்சு, அவ்வளவுதான். தண்ணி வந்துட்டுன்னு அவ சொன்னா மைக்கே வேண்டாம், மூணு சந்துக்குக் கேக்கும்.

எனக்குப் பச்சையும் தெரியாது, செவப்பும் தெரியாது அண்ணாச்சி.

ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு. காஞ்ச வாழச்சருகு மாதிரி இருக்கும். நீலம் தெரியும், மஞ்ச தெரியும். வாலிபத்துல ரயில்வே வேலைக்குப் போனேன். புள்ளி புள்ளியா ஒரு புத்தகத்தக் காட்டி, உள்ள என்ன நம்பர் இருக்குன்னான். நம்பரா, எங்க இருக்குன்னேன். வெளிய போன்னுட்டான். கல்யாணத்தன்னைக்கு மாரிகிட்ட, "இந்தப் பச்சச் சேல ஒனக்கு எடுப்பா இருக்குளா"ன்னேன். கூறச்சேல அண்ணாச்சி! குங்குமக் கலரு! அவ அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டா. யார்ட்டயும் சொல்லல. அவ அம்மாட்டகூடச் சொல்லல.

நான் கண்ண மூடிக்கிட்டுக் கோன் மேல கைய வைப்பேன்னு சொன்னேன்லா? அவ பின்னாடி நின்னு வளையல ஆட்டுவா. ஒரு தடவ கிலுங்குனா இது இல்ல. ரெண்டு தடவ கிலுங்குனா இதான். அதான் தெறம. அதான் பொறவியிலேயே வந்தது!

சிரிக்கிய. சிரிங்க, சிரிங்க. நானா இருந்தாலும் சிரிப்பேன்.

கோன மாத்துனது... அவ இல்ல. நான்தான். அவ ஒழுங்காத்தான் மாட்டிட்டுப் போனா. போகும்போதுகூட மனசு கேக்காம ஒவ்வொரு கோனுக்கும் கீழ துண்டுப் பேப்பர் ஒட்டி, ஒண்ணு கிளிப்பச்ச, ரெண்டு பாசிப்பச்ச, மூணு செவப்புன்னு எழுதி வச்சிட்டுத்தான் போனா. அன்னைக்குப் பாத்து சங்கச் செயலாளர் கரீம் பாட்சா வந்து நிக்காரு. "மாஸ்டர், நீங்க கலர் எடுக்குறத ஒரு வீடியோ எடுத்துக்கிடுதேன்"ங்காரு. பேப்பர் ஒட்டியிருக்குற மெஷின வச்சுக்கிட்டு எப்படி வீடியோ எடுக்க? அவர டீ குடிக்க அனுப்பிட்டு, எல்லாத் துண்டையும் பிச்சு எறிஞ்சேன். கோன் ஒம்பதையும் கழட்டிக் கீழ வச்சேன். அவரு வந்ததும் கண்ண மூடிக்கிட்டு, ஸ்டைலா, ஒண்ணொண்ணா எடுத்து மாட்டுனேன். வளையல் சத்தம் இல்லாம ஒரு தடவ நானே செஞ்சு காட்டணும்னு ஒரு வீம்பு. வீடியோ ஏக்தம் நல்லா வந்துச்சு. பன்னெண்டு ஜாக்கெட்டும் ஓட்டி முடிச்சேன். எனக்குக் கிளி கிளியாத்தான் தெரிஞ்சுச்சு. வெக்கமா இருக்கு அண்ணாச்சி. கோனு மாறிப் போனதுக்கு இல்ல. அவ போனதுக்கு. மூணு நாளா மெஷினு சத்தம் காதுல விழுது, வளையல் சத்தம் விழல.

வர்ற ஞாயித்துக்கெழம கல்யாணம். கிளியெல்லாம் பிரிச்சு மறுபடி போடணும், அவ இல்லாம முடியாது. நேத்து போன் பண்ணி அழுதுட்டேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "ஒரு ஆளுகிட்டயாவது, உங்க வாயால, முழுசா உண்மையச் சொல்லிட்டு வாங்க. நான் கெளம்பி வாரேன்." ஒரு ஆளுன்னுதானே சொன்னா? தெரிஞ்ச ஆளுன்னு சொல்லலையே? அதான் உங்களப் பிடிச்சேன். நீங்க தாராவிக்கே வந்ததில்ல, காட்கோபர்ல எறங்கிருவிய, இனி சென்மத்துக்கும் நம்ம பாக்கப் போறதில்ல. எப்படி என் மூள? கோவிச்சுக்கிடாதிய. ஒரே ஒரு ஒத்தாச. அவளுக்குப் போன் போடுதேன், "ஆமாம்மா, சொன்னாரு"ன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். நான் சொன்னா நம்ப மாட்டா.

இருங்க... மணி அடிக்கு... ஏளா மாரி, நான்தான். ரயில்ல வந்துக்கிட்டிருக்கேன். சொல்லிட்டேன்ளா! முழுசா! ஆமா, கோன் கதையும்தான்! நெசமா. சாட்சி பக்கத்துலயே இருக்காரு. பெரிய மனுசன், தங்கமான ஆளு. இரு, குடுக்கேன். அண்ணாச்சி, இந்தாங்க, பேசுங்...

அண்ணாச்சி?

எங்க போனாரு? இப்பத்தானே இங்கன இருந்தாரு? அரே, அது யாரு, பிளாட்பாரத்துல ஓடுறது... வித்யாவிகார்லயா எறங்கிட்டாரு? காட்கோபர்னு சொன்னாரே மனுசன்! அண்ணாச்சீ! ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சீ!

இல்லளா மாரி, வைக்காத, வைக்காத. பொய் இல்ல. இருந்தாருளா. இப்பத்தான் எறங்கி...

யாரு என் முதுகத் தட்டுறது?

யக்கா! முப்பிடாதியக்கா! நீங்க எப்ப... பின்னாடி சீட்டுலயா? சயான்லேருந்தேவா? லேடீஸ் பெட்டியில ஏற வேண்டியதுதானக்கா! ஏன்க்கா பேசாம உக்காந்திருந்திய, ஒரு இருமலாவது இருமக் கூடாதா? எல்லாத்தையும் கேட்டியளா? வாழச்சருகையுமா? வளையலுமா? அய்யோ... யக்கா, போனப் பிடுங்காதிய. யக்கா, மெதுவா, மெதுவாப் பேசுங்க, பெட்டி பூரா நம்மளப் பாக்கு.

"ஆமா மாரி, ஒரு எழுத்து விடாம கேட்டேன்"ங்கியளா... சரி. சொல்லுங்க. எப்படியும் சாயந்திரத்துக்குள்ள மூணு சந்துக்கும் தெரியத்தான் போவுது. என்ன சொல்லுதா? வாராளா? கேளுங்கக்கா, வாராளான்னு கேளுங்க. விக்ரோலி ஸ்டேசன்ல வந்து நிக்கேங்குதாளா! எம்மா... என் கண்ணு கலங்குதுன்னு சொல்லாதிய அவகிட்ட.

சேலையா? ஆமா, வாங்கிட்டேன்னு சொல்லுங்க. அவ கேட்ட அதே கிளிப்பச்ச. ஒத்தையில போயி நானே எடுத்தேன். இங்க பாருங்க, பிரிச்சே காட்டுதேன்...

ஏன்க்கா சிரிக்கிய?

ஏங்க, நீங்கல்லாம் எதுக்குச் சிரிக்கிய? யக்கா... வேண்டாம்க்கா. பச்சன்னே சொல்லிருங்கக்கா. ஸ்டேசன் வரைக்குமாவது... சொல்லிட்டியளா? அவளும் சிரிக்காளா? நெசமாவே சிரிக்காளா? காதுல வைங்க, கேக்கட்டும்... ஆமா. சிரிக்கத்தான் செய்யுதா. வளையலும் கிலுங்குது.

குடுங்கக்கா போன. நானே சொல்லுதேன். சத்தமாவே சொல்லுதேன், கேக்குறவங்க கேட்டுக்கிடட்டும்.

மாரி, இது என்ன கலருன்னு எனக்குத் தெரியலளா. நீ பாத்துச் சொல்லு.