டிராம்போனாக நிற்கச் சொன்னவள்

நெய்யாற்றின்கரை பஸ்ஸில், உதியன்குளங்கரையில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரத்தவர் கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றினார்.

“என்னைய டிராம்போனாட்டு நிக்கச் சொன்னா. நான் சிரிச்சுப்போட்டேன்.”

“ஆரு சொன்னா மக்கா?”

“நம்ம லில்லியாக்கும். சர்ச்சுல பாடுற குவயருக்கு அவளே பாட்டு எழுதுவா. பழைய ஜாஸ் பேண்டு கேட்டுட்டு, அதுல டிரம்பெட்டும் டிராம்போனும் ஊதுற மாதிரி எங்க நாலுபேரையும் ‘பாப், பா’ன்னு பாடச் சொன்னா. இது சர்ச்சாக்கும், கல்யாண பேண்டு இல்லேன்னு நான் மட்டும் குவயர விட்டு எறங்கிப் போனேன்.”

“அந்தப் பாட்டா இப்பம் கேட்ட?”

“ஓ, அதேதான். மத்த மூணுபேரும் பாடியிருக்காவ.”

“உனக்க எடத்துல ஆரு பாடுதா?”

“ஆருமில்ல. நெசமான டிராம்போன் ஊதுது.”