மேகம் தராத தண்ணிக்கு

இல்லீங்க, நீங்க உக்காருங்க. நான் நின்னுகினேதான் பேசுவேன், அடுப்புல கொழம்பு கொதிக்குது. இன்னிக்கி ஒரு எடத்துல உக்கார முடியல எனக்கு. அந்த ஃபேன் சுத்தாது, இப்படி ஜன்னலாண்ட வாங்க. இன்னா கேட்டீங்க? ஆமா, பிலிப்பு வாத்தியாரு எங்க வூட்டுக்காரரு ராபினோட தாத்தா. நான் கல்யாணமாயி இந்த வூட்டுக்கு வரதுக்குள்ளவே போய்ச் சேந்துட்டாரு. நான் சொல்றதெல்லாம் எங்க மாமனாரு மார்ட்டின் சொன்னதுதான். ராபினா? அவரு வெளிய போயிருக்காரு. நீங்க எழுதிக்குங்க, நான் சொல்றேன்.

வாத்தியாரு பேர்ல வளைவு எங்க கட்றீங்க, கச்சிராயபாளையம் ரோட்லயா? அணைக்குப் போறவங்க எல்லாம் பாப்பாங்க. நல்லதுதான்.

அப்ப வெள்ளக்காரன் காலம். மழ பொய்ச்சுப் போச்சு, கெணத்துல சேறுதான் கெடக்குது. ஆனா கிஸ்தி நிக்கல. நெலத்துக்குண்டான வரி இல்லீங்களா, வெளஞ்சாலும் கட்டணும், வெளையலன்னாலும் கட்டணும். கட்டாத வூட்ல ஆளுங்க பூந்து அண்டா குண்டாவத் தூக்கிகினு போவாங்க. கறந்துகினு இருக்கற மாட்ட அவுத்துகினு போவாங்க. வாத்தியாருக்கு காணி நெலம் கெடையாது. பள்ளிக்கூடத்துச் சம்பளம் வருது, வாய மூடிகினு இருந்திருக்கலாம். ஒரு நாளு செல்லமுத்துன்னு ஒரு புள்ள, பாடம் நடக்கும்போதே எழுந்து, சார், எங்க வூட்டுத் தட்டையெல்லாம் எடுத்துகினு போய்ட்டாங்க, இனிமே எதுல சாப்புடறதுன்னு கேட்டுச்சாம். மனுசன் அப்படியே சாக்பீஸக் கீழ வெச்சிட்டாராம்.

இருங்க, அடுப்பக் கம்மி பண்ணிட்டு வரேன்.

ம். மறுநாளு தன் காசுல காகிதம் வாங்கியாந்து எல்லாப் பசங்களுக்கும் குடுத்தாரு. சொல்வதெழுதுதல்னு சொல்லிட்டு, இவரு சொல்லச் சொல்ல அதுங்க எழுதுதுங்க. மேகம் தராத தண்ணிக்கு நிலம் எப்படி வரி தரும்? அதான் ஆரம்பமே. அப்பறம் தாசில்தாரு எத்தன மாடு ஓட்டிகினு போனாரு, யாரு வூட்டு அண்டா எங்க ஏலத்துல போச்சு, எல்லாம் அதுல இருந்துதாம். வூட்டுக்கு எடுத்துகினு போயி அப்பா அம்மாவுக்குப் படிச்சிக் காட்டுங்கன்னாரு. பசங்க படிச்சிதுங்க. அப்பங்காரனுங்க வாங்கிகினு போயி சாவடில ஒட்டிட்டானுங்க, சந்தைல ஒட்டிட்டானுங்க. தாசில்தாரு ஆளுங்களுக்கு ஒண்ணும் புரியல. அச்சடிச்சதா இருந்தா அச்சாபீஸப் புடிக்கலாம். இது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கையெழுத்து, யாரைப் புடிக்கறது?

எப்படி மாட்டினாருன்னா, அதக் கேளுங்க. பசங்க பாதிப் பேரு வரிய வறின்னு எழுதியிருக்குதுங்க. இவரு வாத்தியாராச்சே, பாத்துகினு சும்மா இருக்க முடியுமா? எல்லாத்தையும் வாங்கி செவப்பு மசில திருத்திட்டுத்தான் குடுத்து வுட்டிருக்காரு. சந்தைல கெடந்த காகிதத்துல எல்லாம் செவப்பு மசி. சுத்துப்பட்டுல செவப்பு மசி வெச்சிருக்கற ஆளு இவரு ஒருத்தருதான்.

சிரிக்கிறீங்க. எங்க மாமனாரும் இதச் சொல்லும்போது அப்படித்தான் வுழுந்து வுழுந்து சிரிப்பாரு. அவங்க அம்மா சிரிக்காதாம். ராணியம்மாள்னு பேரு. வாத்தியாரக் கடலூர் ஜெயில்ல போட்டப்ப, கைப்புள்ளைய இடுப்புல வெச்சிகினு, எதிர்ல வர மாட்டு வண்டிக்காரனுங்களையெல்லாம் கெஞ்சி ஏறிப் போச்சாம். கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சி, திரும்பிப் போவச் சொல்லிட்டாங்க. கொண்டுபோன கேப்பங்களி புளிச்சிப் போயி வழில யாரோட மாட்டுக்கோ போட்டுட்டு வந்துதாம். அந்தக் கைப்புள்ளதான் எங்க மாமனாரு. எழுதிக்கலியா? சரி, அது வளைவுக் கல்லுல வராதுதான்.

வாத்தியாரு வெளிய வந்தப்ப பள்ளிக்கூடத்துல வேற ஆளப் போட்டுட்டாங்க. வாய்க்கா வெட்டற கூலிக்குப் போனாரு.

இருங்க, போனு. சொல்லு ஷைனி. இன்னா சொல்றாங்க? வுட்டாங்களா உள்ள? தண்ணியாவது குடிச்சாரா? சரி, சரி, நீ அங்கயே இரு, அழுவாத, நான் வரேன்.

நாத்தனாருங்க. ஒண்ணுமில்ல. நீங்க கல்லுல இன்னா எழுதப் போறீங்க, படிங்க கேப்போம். வரிக் கொடுமையை எதிர்த்து எழுதி, மக்களைத் தட்டி எழுப்பிய மாவீரர்னா? நல்லாருக்குது. கீழ அவரு எழுதினதும் வருதா? மேகம் தராத தண்ணிக்கு. ம், தப்பில்லாம எழுதியிருக்கீங்க.

இல்லீங்க, ராபின் இப்ப வரமாட்டாரு. காத்துகினு இருக்காதீங்க.

எங்க தெருவுல கொழாய்ல தண்ணி வந்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா? தண்ணி வரி மட்டும் ஏத்திட்டாங்க. கட்டலன்னா வூட்டு வரி ரசீது குடுக்க மாட்டாங்களாம், அது இல்லாம கரண்டு பேரு மாத்த முடியல, லோனு வாங்க முடியல. இவரு ஆபீசுக்கு நடந்து நடந்து பாத்தாரு. போன ஞாயித்துக்கெழம பூசைக்குப் போய்ட்டு வந்து, சட்டையக் கூட கழட்டல, பெயிண்ட் டப்பாவ எடுத்தாரு. நம்ம காம்பவுண்டு செவுருதான், அடுத்தவங்களுது இல்ல. தாத்தா எழுதினதுல ரெண்டே வார்த்தைய மாத்தினாரு. குழாய் தராத தண்ணிக்கு வீடு எப்படி வரி தரும்? அவ்ளோதான். தெருவுல எல்லாரும் போட்டோ எடுத்து போன்ல அனுப்பிட்டாங்க. பக்கத்து ஊர்ல எல்லாம் செவுத்துல எழுதிட்டாங்களாம்.

இன்னிக்கி காலைல போலீசு ஜீப்புல வந்து அழைச்சிகினு போய்ட்டாங்க. டீ குடிச்சிகினு இருந்தாரு. இன்னாத்துக்குன்னு கேட்டேன். மக்களத் தூண்டிவுட்டாராம். நீங்க தட்டி எழுப்பினாருன்னு போட்டிருக்கீங்க. நான் பெருசா படிச்சவ இல்ல, நீங்க ஆபீசரு, ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்னு சொல்லுங்க.

பேனாவ ஏங்க மூடிட்டீங்க?

வளைவு தெறக்கற வுழாவத் தள்ளிப் போடறதா? அதெல்லாம் வேணாம், நடத்துங்க. நாங்க ஒண்ணும் மேடைல வந்து கலாட்டா பண்ண மாட்டோம். அந்தப் போனக் கீழ வெச்சிட்டு நான் சொல்றதக் கேளுங்க. உங்க வண்டி கள்ளக்குறிச்சிதான போவுது? ராபின அங்க ஸ்டேஷன்லதான் வெச்சிருக்காங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன். அவருக்குக் கேரியர்ல சோறு போட்டாச்சு, கொழம்பு ஊத்தினா முடிஞ்சுது. நான் பஸ்ல போனா வெளியவே நிக்க வெப்பாங்க. கவர்மெண்ட் வண்டில எறங்கினா உள்ள வுடுவாங்க.

யோசிக்காதீங்க. மேல யாராவது கேட்டா தியாகி வூட்டுப் பொம்பளன்னு சொல்லுங்க, பொய்யா அது? எழுந்திருங்க, கதவப் பூட்டணும்.