இடது கைக் கட்டு

மதியம் இரண்டு மணி. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஆளில்லாத நேர்ச்சாலை. வெயிலில் ஒரு காகம்கூட இல்லை. என் தோழியின் அண்ணனும் அண்ணியும் டயாலிசிஸ் முடிந்து வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உள்ளே நம் ஆட்களுக்கு மெஷின் ஓடி முடிய இன்னும் நேரம் இருக்கிறது.

அண்ணனுக்கு இடது கையில் ஃபிஸ்டுலா. இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தது. ஊசி ஏறுவது அதில்தான். தொட்டால் கிர்ர்ரென்று அதிரும். அதிர்வு நின்றால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். வலது கையில் இருந்தது அப்படித்தான் போனது. ஒருநாள் ஊசி எடுத்தபின் ரத்தம் நிற்கக் கட்டிய துணிப்பட்டையைத் தளர்த்தாமல் இருவரும் தூங்கிவிட்டார்கள்.

"இடது கையும் போச்சுன்னா, இனி வைக்க வேற இடமில்லம்மா," என்றார் டாக்டர்.

டயாலிசிஸில் பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா. துணைக்கு யாருமில்லை. தன் கட்டை ஒற்றைக் கையால் அவிழ்க்க வராமல் பல்லால் கடித்து இழுப்பார். நூல் கடித்துக் கடித்து முன்பல் ஒன்று எப்போதோ போய்விட்டது.

"விடுங்கக்கா, நான் அவுத்து விடறேன்," என்றாள் அண்ணி. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும்.

"உனக்குத் திருப்பிச் செய்ய எங்கிட்ட என்னடி இருக்கு? பல்லுகூட ஒண்ணு குறையுது!" என்று சிரிப்பார் அந்தம்மா.

ஒரு வாரம் அண்ணிக்குக் காய்ச்சல். அண்ணனோடு வேறு ஆள்தான் போனார். அந்த வாரம்தான் தையல்காரம்மாவின் கை அடைத்தது. கழுத்தில் குழாய் போட்டார்கள். கிருமி ஏறியது. போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த மதியம்... அண்ணனுக்கு பிரஷர் இறங்கித் தலை சாய்ந்துவிட்டது. ரத்தம் நிற்காததால் கட்டை இறுக்கிப் போட்டிருந்தார்கள். கையை நீட்டி வைக்க இடப்பக்க இருக்கையைக் காலியாக விட்டிருந்தார்கள். பாலம் தாண்டியதும் தளர்த்தலாம் என்று நினைத்தாள் அண்ணி. இரவெல்லாம் விழித்த கண். செருகிவிட்டது.

முதலில் ஸ்பிரிட் வாசனை. பிறகு குளிர். பிறகு ஒரு சத்தம்... நறுக்... நறுக்... துணியை எதுவோ கடித்து இழுப்பதுபோல். கண்ணைத் திறக்கப் பார்க்கிறாள், இமை வரவில்லை. 'கடவுளே, அந்தக் கட்டு!' கையை நீட்டப் பார்க்கிறாள், அசையவில்லை...

கார் பள்ளத்தில் குலுங்கியது. விழித்தாள். பாலம் எப்போதோ பின்னால் போயிருந்தது. பாய்ந்து அவர் கையில் காதை வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை...

"வண்டிய நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!"

எஞ்சின் அடங்கியது. அப்போதுதான் கேட்டது. கிர்ர்ர்...

இன்றைக்கும் அந்தக் கை ஓடுகிறது. நாம் மறந்துபோன சின்ன உதவியைக்கூடக் கடவுள் எங்கோ முடிந்து வைத்திருக்கிறார் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனாலும்...

அன்று காரில், அவர் கையில் கட்டு இல்லை. தேடினாள். இடப்பக்கக் காலி இருக்கையில் கிடந்தது. முடிச்சு அவிழ்ந்து, ஈரமாக. துணியில் பல் பதிந்த தடம். வரிசையாக.

நடுவில் மட்டும் ஒரு பல்லுக்குத் தடம் இல்லை.