மற்றும்

— சேலையெல்லாம் நீ எடுத்துக்கோ அக்கா. எனக்கு அம்மாவோட கண்ணாடியும் அந்தப் பேனா டப்பாவும் போதும்.

— டப்பா முழுக்க சிவப்புப் பேனாடா. அச்சகத்துல முப்பது வருஷம் பிழை திருத்தின கை. ரிட்டயர் ஆகியும் சும்மா இருந்தாங்களா?

— என் கல்யாணப் பத்திரிகையையே திருத்தினவங்களாச்சே. நீயும் ஆபீஸ் காகிதத்தையெல்லாம் அவங்ககிட்ட காட்டிட்டுத்தானே எடுத்துட்டுப் போவே? பாரு, சிரிக்கப் போய் அழுறேன்.

— உட்காரு. தண்ணி குடி.

— உட்கார வரலை. இன்னிக்காவது பதில் சொல்லு. நான் கட்டின பாலம் அது. தூண் அஞ்சும் நிக்குது, மேலே தளம் போடுறது நாலு மாச வேலை. அது முடிஞ்சிருந்தா ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். ஆம்புலன்ஸ் ஆத்தைச் சுத்திப் போய், பாதி வழியிலேயே அம்மா... நிதித் துறையில இருக்கிறவ நீ. ஏன் நிறுத்தினீங்க?

— கடன் வாங்கித்தான் கட்டிட்டிருந்தோம். நாட்டு வருமானம் நூறுன்னா வருஷத்துக்கு மூணுக்கு மேல கடன் வாங்கக் கூடாதுன்னு சட்டம். இப்ப தொழில் படுத்துடுச்சு, வரி வரலை. வருமானம் சுருங்கச் சுருங்க அந்த மூணும் சுருங்குது.

— நல்லா இருக்கு நியாயம். இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பினேன். அவங்க கடைக்குப் போக மாட்டாங்க. கடைக்காரன் வரி கட்ட மாட்டான். உங்களுக்கு இன்னும் குறையும். கஷ்டம் வர்றப்பதானே கடன் வாங்கணும்?

— அதுக்கு விலக்கு இருக்கு. ‘போர், பேரிடர் மற்றும் பொருளாதாரச் சரிவு ஏற்படும் காலத்தில் இவ்வரம்பு பொருந்தாது.’

— அப்புறம் என்ன?

— ‘மற்றும்’னு இருக்குடா. மூணும் ஒண்ணா வந்தாத்தான் செல்லும்னு கோர்ட் சொல்லிடுச்சு. சட்டத்தைத் திருத்தப் பார்த்தோம், சபையில போதுமான பேர் கை தூக்கலை.

— ‘அல்லது’ன்னு போட வேண்டிய இடம். யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு வார்த்தை நம்ம அம்மாவைக் கொண்டு போயிடுச்சா? எவன் போட்டான் அதை?

— விடுடா.

— உனக்குத் தெரியும். சொல்லு.

— நான்தான். அந்த வரைவை எழுதினது நான்.

— நீயா? மூணு வாரமா என் தோள்ல கை போட்டுட்டு நின்னியே, நீயா?

— ஆமா.

— அம்மா முகத்தை எப்படிக்கா பார்த்தே? வேண்டாம், சொல்லாதே. இனிமே நான் வர்ற இடத்துக்கு நீ வராதே. எனக்கு அக்கா இல்லை.

— சரி.

— ‘சரி’யா? அவ்வளவுதானா உனக்கு?

— டப்பாவை எடுத்துட்டுக் கிளம்பு. அடியில மடிச்சு வெச்சிருக்கிற காகிதத்தை மட்டும் குடுத்துடு.

— என்ன காகிதம்?

— பழைய குப்பை. பிரிக்காதே. தம்பி, சொன்னா கேளு.

— உன் எழுத்து. ‘போர், பேரிடர் அல்லது பொருளாதாரச் சரிவு’... நீ சரியாத்தானே எழுதியிருக்கே? அந்த ‘அல்லது’வை அடிச்சு, மேலே சிவப்பு மையில... அக்கா, இது அம்மா எழுத்து.