லேபிள் மறைத்த ரெக்கார்டு

— நிறுத்தும்மா, போதும்! இதைப் போய்க் கேக்க வச்சிட்டியே.

— பாதிதானே ஓடியிருக்கு நூமா? ஆட்டம்னா ஆட்டம். லேபிள் மேல காகிதம் ஒட்டியாச்சு. முழுசாக் கேட்டுட்டு ஊதினது யாருன்னு சொல்லணும். தப்பாச் சொன்னவன் பாத்திரம் கழுவணும்.

— ஒடீல் அக்கா சொல்றது நியாயம்தான். ஆனா சத்தியமா சொல்றேன், இந்த ட்ரம்பெட்டைக் கேக்கறதுக்குப் பதிலா நான் இப்பவே போய்க் கழுவிடுவேன்.

— ரெக்கார்டைக் கொண்டுவந்தது நான். பீன்ஸ் சமைச்சதும் நான். ரெண்டையும் முழுங்கித்தான் ஆகணும் பெர்சி. ம், முடிஞ்சுது. சொல்லுங்க.

— கவனிங்கண்ணே. பாட்டு எங்கப்பாவோடது, நியூ ஆர்லியன்ஸ்ல நாய்க்குக்கூடத் தெரியும். அப்பா நாலு சுரம் ஊதிட்டு சட்டுனு நிறுத்துவார். ஒரு சின்ன மௌனம். அப்புறம் விட்ட இடத்துல பிடிப்பார். முப்பது வருஷமா நான் காலேஜ்ல பிள்ளைங்களுக்கு அந்த மௌனத்தைத்தான் சொல்லிக் குடுக்கறேன். இவன் என்னடான்னா பஸ் பிடிக்கப் போறவன் மாதிரி ஓடறான்.

— சுரமும் ஒழுகுது தம்பி. உதடு வீங்கினவன் ஊதற மாதிரி இருக்கு.

— முடிவாச் சொல்லுங்க ரெண்டு பேரும்.

— அப்பாவைக் காப்பியடிச்ச எவனோ ஒரு கத்துக்குட்டி.

— எனக்கும் அதே பதில்தான் அக்கா.

— சரி. பெர்சி, காகிதத்தைக் கிழி.

— இரு, கண்ணாடி போட்டுக்கறேன். கையால எழுதியிருக்கு... அல்சீட்... கீழே தேதி... ஐயோ, சத்தியமா... நூமா, உக்காருப்பா.

— என்னண்ணே? யாராம்?

— உங்கப்பாதான்! அந்தப் பாட்டைப் பதிவு பண்ணின அதே நாள். "முதல் டேக், வேண்டாம்"னு பென்சில்ல எழுதியிருக்கு.

— குடுங்க இப்படி! ... இது ரெக்கார்டு கம்பெனிக்காரன் கிறுக்கினது. ஆள் மாறிப் போயிருக்கும்.

— மாறலைடா. நான் பக்கத்துல நின்னேன். முந்தின நாள் படியில விழுந்து உதட்டைக் கிழிச்சுக்கிட்டார். ரத்தம் கசியக் கசிய ஊதினார்.

— அப்பாவையா நான் கத்துக்குட்டின்னேன்? என் வாயாலேயாம்மா?

— அக்கா, ஒண்ணு கேக்கறேன். முதல் டேக் இப்படின்னா, ஊரே கொண்டாடற அந்த ரெண்டாவது டேக்? கிழிஞ்ச உதடு அதுக்குள்ளே ஆறிடுச்சா?

— ஆறலை.

— அப்போ ஊதினது?

— அவர் ஓரமா உக்காந்து அழுதார். கம்பெனிக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். நான் அவருக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். ட்ரம்பெட்டை வாங்கி ஊதினேன்.

— நீயா? அம்மா, நீ ட்ரம்பெட்டைத் தொட்டு நான் பார்த்ததே இல்லையே!

— எங்கப்பா பேண்ட்ல பதினாறு வயசு வரைக்கும் நான்தான் ட்ரம்பெட். பொம்பளை பேர் போட்டா எவன் வாங்குவான்னு கம்பெனிக்காரன் அவர் பேரையே போட்டான். அன்னிக்கு வச்சதுதான், அப்புறம் தொடலை. உங்கப்பா முகத்தைப் பார்க்க முடியலைடா. ரேடியோவுல அந்தப் பாட்டு வந்தா எழுந்து வெளியே போயிடுவார்.

— தன்னடக்கம்னு நினைச்சேன்! புஸ்தகத்துல எழுதியே வச்சிருக்கேன்! மேடையில அதை மட்டும் வாசிக்கவே மாட்டார்னு ஒரு அத்தியாயமே இருக்கு!

— கத்தாதே தம்பி, தண்ணி குடி. அக்கா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— தான் உயிரோட இருக்கிற வரைக்கும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அவர் போனப்புறம் இவன் முகத்தைப் பார்த்தேன், வாய் வரலை. பொய் காகிதத்துல இருந்த வரைக்கும் போகட்டும்னு விட்டேன். நாளன்னிக்கு இந்தத் தெருவுக்கு அவர் பேர் வைக்கறாங்க. அந்தப் பாட்டை ஊதினவர்னு கல்லுல வெட்டியாச்சாம். கல்லை எப்படிடா அழிக்கறது?

— நாளன்னிக்கு நான் அங்கே நின்னு வாசிக்கணும். அப்பாவோட மூச்சுன்னு பேசணும். மூவாயிரம் பேர் வருவாங்க. என்னம்மா சொல்வேன்?

— நடந்ததைச் சொல்லு.

— எது நடந்ததுன்னே எனக்குத் தெரியலையே! அந்த மௌனத்தை நீ எங்கேருந்து பிடிச்சே? எந்த வாத்தியார்? என்ன யோசிச்சு அந்த இடத்துல நிறுத்தினே? அதையாவது சொல்லு.

— யோசிக்க எங்கேடா நேரம்? அப்போ எனக்கு எட்டு மாசம். மூச்சை இழுத்துப் பிடிச்சு நாலு சுரம் ஊதறதுக்குள்ள, நீ உள்ளேருந்து உதைச்சு மூச்சை நிறுத்திடுவே.