கைப்பட்டை கட்டும் உரிமை

எங்கள் கால்பந்துக் கிளப்பின் மைதானம் கொஞ்சம் சாய்வு. வடக்கு கோலில் பந்தை வைத்தால், யாரும் உதைக்காமலே அது தெற்கு கோலுக்குப் போய்ச் சேரும். இடைவேளைக்குப் பிறகு மேட்டுப் பக்கம் யாருக்கு என்பதுதான் நாற்பத்திரண்டு வருடமாக எங்களுடைய ஒரே ஆட்ட நுணுக்கம்.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று தோன்றலாம், ஐயா. வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதலாம் என்றீர்கள். கிளப்பின் செயலாளர் நான். அதன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தேன். பாதி ஏற்கனவே தயார். மிச்சத்தை உங்களுக்காக எழுதுகிறேன்.

கிளப்பை ஆரம்பித்தவர்கள் மூன்று பேர்: தையல்காரர், தபால்காரர், முடி திருத்துபவர். சட்டைகளைத் தையல்காரர் மிச்சத் துணியில் தைத்தார். எல்லாம் நீலம் என்று பேர். ஒரு நீலம் இன்னொரு நீலத்தோடு சேராது. முதல் ஆட்டத்தில் எங்கள் ஆட்களே எங்கள் ஆட்களை மடக்கிப் பந்தைப் பிடுங்கினார்கள். ஒன்பதுக்குச் சுழியம். அன்றிலிருந்து எங்களோடு ஆட்டம் என்றால் மற்ற அணிகள் அதை ஓய்வு நாள் என்பார்கள்.

விதிகளை எழுதியவர் முடி திருத்துபவர். மொத்தம் இருபத்திரண்டு. பதினான்காவதை மட்டும் இங்கே தருகிறேன். உறுப்பினரோ அவர் குடும்பத்தில் ஒருவரோ இறந்தால், அடுத்த ஆட்டத்தில் அணியினர் கையில் கறுப்புப் பட்டை அணிய வேண்டும். இறந்தவரின் நெருங்கிய உறவினர் மைதானத்தின் நடுவில் நின்று பதினொரு பேருக்கும் தன் கையால் கட்டிவிட வேண்டும்.

பிப்ரவரியில் என் மனைவி இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல். நான் படித்துப் பட்டம் வாங்கி மருந்துக் கடை வைத்திருப்பவன். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

அவள் செவ்வாய்க்கிழமை போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நான் நடுவில் நின்று பதினொரு கைகளுக்கும் பட்டை கட்டினேன். அதற்கு முன் நாங்கள் தொடர்ந்து முப்பத்தோரு ஆட்டம் தோற்றிருந்தோம். அன்று மூன்றுக்குச் சுழியம் ஜெயித்தோம். எங்கள் கோல்கீப்பருக்கு ஓட்டை என்று பேர். ஓட்டை ஒரு பெனால்டியைப் பிடித்தான். பிடித்துவிட்டு, தன் கையில் இருப்பது என்ன என்று குனிந்து பார்த்தான். பிறகு பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தான். நடுவர் விசிலோடு பின்னாலேயே ஓடினார். ஆட்டம் முடிந்ததும் ஊரே வேலி தாண்டி உள்ளே வந்தது. என்ன நினைத்தார்களோ, என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மேலே போட்டார்கள், பிடித்தார்கள், மறுபடி போட்டார்கள். வானம் கிட்டே வந்து வந்து போனது. யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நான் என்று தெரிந்தது.

என் மாமியார் வரப்பில் நின்றிருந்தார். பெண் போய் ஐந்து நாள் ஆன தாய். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில், "சிரிச்சீங்க மாப்பிள்ளை. நான் பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகு தன் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து தங்கிவிட்டார். அத்தை எல்லா ஆட்டத்துக்கும் வருவார். கால்பந்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நடுவர் எப்போதும் எதிரணியின் ஆள்.

அடுத்த ஆட்டத்தில் பட்டை கிடையாது. ஐந்துக்குச் சுழியம் தோற்றோம். அதற்கடுத்தது ஏழு.

ஏப்ரலில் முடி திருத்துபவர் காலமானார். எண்பத்தொரு வயது, தூக்கத்தில் போனார். அதில் எனக்குச் சம்பந்தமில்லை. உங்கள் குறிப்பில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். அவருடைய மகன் பட்டை கட்டினார். இரண்டுக்கு ஒன்று ஜெயித்தோம். ஓட்டை இரண்டாவது முறையாகப் பந்தோடு ஓடினான். எல்லோரும் மகனைத் தூக்கிப் போட்டார்கள். எனக்கு அன்று பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. சளி பிடித்திருந்தது.

அன்று கிளப் அறையில் எல்லோருக்கும் தலை கால் புரியவில்லை. எங்கள் கேப்டன் லாரி மெக்கானிக். டீசல் என்றுதான் கூப்பிடுவோம். அவன் மேசை மேல் ஏறி நின்று, பட்டை கட்டினால் ஜெயிக்கிறோம், கட்டாவிட்டால் தோற்கிறோம், கணக்கு சுத்தம் என்றான். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த மற்ற இரண்டு பெரியவர்களையும் பார்த்துக் கும்பிட்டான்.

"பெரியவரே, கிளப்புக்காகக் கொஞ்சம் மனசு வைக்கக் கூடாதா?"

"எனக்கு நாலு சட்டை தைக்க வேண்டியிருக்குடா" என்றார் தையல்காரர். "தபால்காரனைக் கேளு. அவன்தான் சும்மா உட்காந்திருக்கான்."

"ரெண்டாவது பாதியில சொல்லுங்க, யோசிக்கிறேன்" என்றார் தபால்காரர்.

அறையே அதிர்ந்தது. ஓட்டை சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து கீழே விழுந்தான். நானும் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். அவர்கள் விளையாட்டுக்குச் சொன்னது நியாயமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படி நடக்கிறது என்று நான் ஆராயவில்லை. மருந்திலும் அப்படித்தான். எப்படி வேலை செய்கிறது என்று முழுதாகத் தெரியாத மாத்திரைகள் என் கடையிலேயே எத்தனையோ இருக்கின்றன. வேலை செய்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம்.

ஜூனில் கால்பந்துச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. புள்ளிப் பட்டியலில் கடைசி அணியின் பெயரை நீக்கப்போகிறார்கள். பெயர் போனால் மைதானமும் போகும். அங்கே பேருந்து நிறுத்தப்போகிறார்கள். எங்களுக்கு மிச்சம் இரண்டு ஆட்டம். இரண்டையும் ஜெயித்தால் கடைசிக்கு ஒரு படி மேலே இருப்போம். டீசல் கடிதத்தை இரண்டு முறை வாசித்தான். அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான். ஒரு ஊரின் நாற்பத்திரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள், ஐயா. செயலாளர் என்று ஒருவன் இருந்தால் எதற்கு இருக்கிறான்?

தபால்காரருக்கு எழுபத்தாறு வயது. இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மாதாமாதம் நான்தான் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த முறை பெட்டி அதே பெட்டி, நிறம் அதே நிறம், உள்ளே இருந்தது வேறு. பெட்டியை வாங்கிக்கொண்டு, முப்பது வருடம் ஊருக்கெல்லாம் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், இப்போது எனக்கு ஒரு ஆள் கொண்டுவந்து கொடுக்கிறான் பார் என்று மருமகளிடம் பெருமைப்பட்டார். புதன்கிழமை போய்ச் சேர்ந்தார்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்துவிட்டேன்.

வியாழக்கிழமை, அவரைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். கிளப்பின் பதினொன்றாம் வருடம். புது பூட்ஸ் தருகிறோம் என்று சொன்னதால் தபால்காரர் தண்ணீர்த்தொட்டித் தெரு அணிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறார். எங்களுக்கு எதிராக. ஒரு கோலும் போட்டிருக்கிறார். அன்று மாலையே குழு கூடி அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறது. மறுவாரம் அவர் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து எங்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டார். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. யாரும் திரும்பச் சேர்த்ததாக எழுதவும் இல்லை. புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை மூன்று முறை பார்த்தேன். முப்பத்தோரு வருடமாக அவர் எங்கள் உறுப்பினரே இல்லை.

பதினான்காம் விதி அவருக்குப் பொருந்தாது. அவர் வீணாகப் போனார். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் அதுதான்.

கிளப் அறையில் சொன்னேன். பெரிய கூத்தாகிவிட்டது. செத்துப்போன மனுஷனை இன்றைக்குப் போய்க் கிளப்பிலிருந்து நீக்குகிறாயே என்று டீசல் சட்டையைப் பிடித்தான். ஓட்டைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தக் கோலை வாங்கியது தன் அப்பா என்றான். அந்த வீட்டுப் பரம்பரையே கோல்கீப்பர்கள். தையல்காரர் மட்டும் தீர்மானத்தில் இருந்த கையெழுத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"என் கையெழுத்துதான். கோவத்துல போட்டது. நீ பட்டையைக் கட்டச் சொல்லு தம்பி. செத்தவன் வந்து விதியைக் கேக்கப் போறானா?"

அவருக்குப் புரியவில்லை. விதிப்படி இல்லாத பட்டை வெறும் துணி. மைதானத்தில் அது என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை காலை அவர் கடைக்குப் போனேன். நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பதினொரு பட்டைகளையும் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, அடுக்கி வைத்திருந்தார். தபால்காரனோடு அறுபது வருடப் பழக்கம், பூட்ஸுக்காகப் போனானே தவிர மோசமானவன் இல்லை என்றார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. நான் கொண்டுபோன மாத்திரையை என் எதிரிலேயே போட்டுக்கொண்டார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்தான். மதியம் தையல் இயந்திரத்தின் மேல் தலை சாய்த்திருந்ததாகச் சொன்னார்கள். பட்டைகள் தயாராக இருந்ததால் யாருக்கும் சிரமம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் வந்து கட்டினாள். ஐம்பது வயது இருக்கும். ஒவ்வொரு கையையும் கட்டும்போது ஓரத் தையலைத் தடவிப் பார்த்தாள். அந்த ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. மூன்றுக்குச் சுழியம் பின்னால் இருந்து நாலுக்கு மூன்று. மூன்றாவது கோல் டீசலின் முதுகில் பட்டு உள்ளே போனது. அவன் அப்போது ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நாலாவது கோலை ஓட்டை போட்டான். சரிவில் உருட்டி விட்ட பந்து, யாரும் தொடவில்லை, உருண்டு, உருண்டு, எதிரணி கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே போனது. அத்தை பக்கத்தில் நின்றிருந்த யாரென்றே தெரியாத ஒருவரின் தலையில் கைப்பையால் அடித்துக்கொண்டே இருந்தார், சந்தோஷத்தில். அந்த ஆளும் வாங்கிக்கொண்டே இருந்தார்.

மகளை நாற்காலியில் உட்காரவைத்து நாற்காலியோடு தூக்கினார்கள். அவள் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். நாற்காலியின் ஒரு கால் என் தோளில் இருந்தது. கனமாக இருந்தது. அவ்வளவுதான். நாங்கள் ஜெயித்திருந்தோம், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. மதியம் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் தட்டில் இரண்டு முறை போட்டார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"அன்னிக்கு நீங்க சிரிச்சீங்களே மாப்பிள்ளை, அதை இன்னொரு தரம் பாத்துட்டா போதும். அதுக்கப்புறம் நான் போனாலும் சரி."

அவரே சொன்னதுதான். நானாகக் கேட்கவில்லை.

இது கடைசி வாரம். நாளைய ஆட்டத்தில் ஜெயித்தால் பெயர் நிற்கும், மைதானம் நிற்கும். தபால்காரரின் மருமகள் மாத்திரைப் பெட்டியை உங்களிடம் கொடுத்ததாக நேற்று கேள்விப்பட்டேன். அதனால்தான் நீங்கள் வருமுன் இன்று காலை நானே வந்துவிட்டேன். உங்கள் நேரமும் மிச்சம்.

ஏன் அத்தை என்று கேட்பீர்கள். உறுப்பினர் குடும்பப் பட்டியலில் இன்னும் ஆறு முதியவர்கள் இருக்கிறார்கள். டீசலின் அப்பா இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. கிளப்பைப் பொறுத்தவரை யாராக இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் எப்போதும் அடுத்தவர் குடும்பத்தையே தொந்தரவு செய்வது முறையாகப் படவில்லை. செயலாளர் முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

அவருக்கு முழங்கால் வலி. மாத்திரையை மேசை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். துணி உலர்த்திவிட்டு வந்து பத்தரைக்குப் போட்டுக்கொள்வார். இதை எழுதும்போது உங்கள் சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று ஐந்து.

ஆட்டம் நாளை நாலு மணிக்கு. மூன்றரைக்காவது என்னை அனுப்பிவைக்க வேண்டும்; விதிப்படி அத்தைக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. இரண்டு காவலர்கள் கூட வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜெயித்ததும் அவர்கள் என்னைத் தூக்கிப் போடுவார்கள். அதற்காக நான் இதைச் செய்யவில்லை. வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள்.